தோளிலா, இடுப்பிலா? ஆண்களின் அணிகளும் யாழ்ப்பாணத்துச் சபை ஒழுக்கமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்று நம்மவர் சொல்வார்கள். அந்தக் கணக்கிலே அணிகலனுக்குப் பங்கெதுவும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சபைகளிலே ஒருவரை எடைபோடுகின்றவர்களின் கண் முதலிற் போவது வேட்டியின் மீதோ சேட்டின் மீதோ அல்ல. அவற்றோடு சேர்ந்து வரும் சிறு பொருட்களின் மீதுதான். சால்வை தோளிலே கிடக்கிறதா, இடுப்பிலே கட்டப்பட்டிருக்கிறதா? கழுத்திலே உருத்திராக்கமா, பவுண் சங்கிலியா? கையிலே என்ன மணிக்கூடு? காலிலே செருப்பா, சப்பாத்தா? ஐந்து விநாடிக்குள் ஆளின் ஊர், தொழில், வருமானம், வெளிநாட்டுத் தொடர்பு எல்லாம் கணிக்கப்பட்டு விடுகின்றன. அந்தக் கணிப்பு பெரும்பாலும் பிழையாகவே இருக்கும் என்பது வேறு விடயம்.

பெண்கள் எதை அணிய வேண்டும், எதை அணியக் கூடாது என்று உபதேசம் செய்வதற்கு எமது சமூகத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்கள் எந்த இடத்துக்கு எதை அணிந்து செல்வது என்பதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அதனை எழுதினால் என்ன என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன். இது சலவையையும் தையலையும் பற்றிய விடயம் மட்டுமல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சால்வைக்கும் கடுக்கனுக்கும் குடைக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் "எங்கள் மரபு உடை" என்று மார்தட்டுவதில் அர்த்தமில்லை.

பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். செய்தியைப் படிப்பதற்கு முன் அந்தப் படங்களைப் பாருங்கள். ஒருவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருப்பார். இன்னொருவர் வெறும் மேலோடு, நெற்றியிலே திருநீறு, கழுத்திலே உருத்திராக்கம். வேறொருவர் வெள்ளை நஷனலும் சால்வையும். சேட்டுப் பையிலே பேனை குத்தியிருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருப்பார். ஒரு மனிதனை எந்தக் கோலத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கூடித் தீர்மானித்த படம் அது. அநேகமாக அந்தப் படத்திலே அதிக நகை இருப்பதில்லை. உயிரோடிருந்தபோது விலையுயர்ந்த மணிக்கூடு கட்டியவருக்கும் பிள்ளைகள் தெரிந்தெடுப்பது சால்வை போட்ட படத்தைத்தான். இதிலே ஒரு பாடம் இருக்கிறது.

சால்வைக்கு எமது ஊரிலே ஓர் இலக்கணமே உண்டு. சபையிலே இருக்கும்போது அது தோளிலே இருக்கும். சுவாமி சந்நிதியிலே அதே சால்வை இடுப்புக்கு இறங்கிவிடும். பெரியவர்களின் முன்னும் குருவின் முன்னும் இறக்குவது பழைய வழக்கம். வெயிலுக்குத் தலையிலே போடலாம், வியர்வை துடைக்கலாம், கோயிற் பிரசாதத்தை முடிந்து கொண்டும் வரலாம். ஆனால் தோளில் இருந்து இடுப்புக்கு இறங்கும் அந்த அசைவுக்கு மட்டும் தனிப் பொருள் உண்டு. "நான் உமக்குக் கீழ்ப்பட்டவன்" என்று வாயாற் சொல்லாமற் சொல்வது அது. இந்தப் பொருளை மனதிலே வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதலிலே கோயில். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும் என்பது உலகறிந்த விடயம். அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான் என்பதும், பூசைகள் மணி தவறாமல் நடைபெறும் என்பதும் அதைப்போலவே பிரசித்தம். அமைச்சரானாலும் அன்றாடங் காய்ச்சியானாலும் அங்கே மேலாடை இல்லை. இது ஒரு வகையிலே சமத்துவந்தான். ஆனால் சேட்டைக் கழற்றியவுடன் கழுத்திலே கிடப்பது பளிச்சென்று வெளியே வந்துவிடுகிறது. இருபத்தைந்து நாள் திருவிழாவின்போது உள்வீதியிலே சிலரின் கழுத்தைப் பார்த்தால், சுவாமிக்குச் சாத்திய நகையோடு போட்டி போடுவதற்கு வந்தவர்களைப் போலிருக்கும். திருவிழாக் காலத்தில் நகைகளைத் தவிர்க்கும்படி ஒலிபெருக்கியிலே வேண்டிக்கொள்வார்கள். அந்த வேண்டுகோள் பெண்களுக்கு மட்டும் உரியதென்று ஆண்கள் எண்ணிக் கொள்கிறார்கள். கோயிலுக்கு வேட்டி, சால்வை, திருநீறு போதும். விரும்பினால் உருத்திராக்கம். தோலாற் செய்த இடுப்புப்பட்டியும் பேர்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். கைத்தொலைபேசி இருந்தாக வேண்டுமென்றால் அது வாய்திறவாமல் இருக்கட்டும்.

அடுத்தது கலியாண வீடு. யாழ்ப்பாணத்து இந்துத் திருமணத்திலே தலைப்பாகை மாப்பிள்ளைக்கு உரியது. மணமகளின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும், மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் அணிவிப்பதும் எமது வழக்கம். பாருங்கள், ஆண்களுக்கிடையே மோதிரம் கைமாறுகின்ற அந்த ஓரிடத்திலே அது பகட்டுக்காக அணியப்படுவதில்லை. இரண்டு குடும்பங்களுக்கிடையே உறவு ஏற்பட்டதற்குச் சாட்சியாக அணிவிக்கப்படுகிறது. இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் மாத்திரமன்றி, கோண்டாவிலிலும் மானிப்பாயிலும் கூட வட இந்திய ராசகுமாரர்களைப் போல மாப்பிள்ளைகள் வருகிறார்கள். கல்லுப் பதித்த தலைப்பாகை, முத்துமாலை, வளைந்த முனையுள்ள சப்பாத்து. அது அவர்களின் நாள், அவர்களின் விருப்பம். நான் குறை சொல்ல வரவில்லை. வந்திருக்கும் விருந்தினரைப் பற்றியே எனக்குக் கவலை. கலியாண வீட்டிலே மாப்பிள்ளையைவிட மினுங்குவது விருந்தினருக்கு அழகல்ல. சரிகைக் கரையிட்ட வேட்டியும் ஒரு சால்வையும் அணிந்தால் கண்ணுக்கும் நிறைவு, உடம்புக்கும் சுகம். குளிரூட்டப்படாத மண்டபத்திலே, நண்பகல் முகூர்த்தத்திலே, கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிவதிலே என்ன கௌரவம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, எங்கள் வீடுகளிலே காலணியை வாசலிலே கழற்ற வேண்டும். நாடா கட்டிய சப்பாத்தோடு வந்து வாசற்படியிலே குனிந்து ஐந்து நிமிடம் போராடுகிறவர், பின்னால் வருபவர்களின் வழியையும் மறித்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டை விழுந்த காலுறை அந்த நேரத்திலேதான் சபைக்கு வரும்.

மூன்றாவது செத்தவீடு. இங்கே விதி மிகச் சுருக்கமானது. எதுவும் கண்ணிலே படக் கூடாது. கிறிஸ்தவ வீடுகளிலே கறுப்புக் கழுத்துப்பட்டி உண்டு. இந்து வீடுகளிலே வெள்ளை வேட்டி. கொள்ளி வைப்பவரின் விரலிலே தர்ப்பை மட்டுந்தான். உரிமைக்காரன் வெறும் மேலோடு ஈர வேட்டியுடன் நிற்கும்போது, கறுப்புக் கண்ணாடியும் தடித்த சங்கிலியுமாக ஒருவர் பக்கத்திலே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? கண்ணீரை மறைக்கக் கண்ணாடி தேவை என்பார்கள். எமது செத்தவீடுகளிலே கண்ணீரை மறைக்க வேண்டிய அவசியம் ஒருபோதும் இருந்ததில்லை.

நான்காவது அலுவலகம், நீதிமன்றம், பாடசாலை. கழுத்துப்பட்டி எங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தோடு வந்தது. அதற்கு முன்பே ஒல்லாந்தர் ஆட்சியிலும் பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இலங்கையின் முதலியார்மாருக்குப் பொத்தான், இடைவார், வாள் என்பன பதவித் தரத்துக்கேற்ப வகுக்கப்பட்டிருந்தன. ஆட்சியாளர் தந்த அணி ஆளின் பெறுமதியாக மாறிய காலம் அது. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆனந்த குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, ஐரோப்பிய உடையையும் பழக்கவழக்கங்களையும் சிந்தியாமற் பின்பற்றுவதைக் கண்டித்தார். 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. அது சாதி ஒழிப்பையும் தேசிய உடையையும் ஒன்றாகவே பேசியது. அதன் அழைப்பின் பேரில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். 1921இல் மதுரையிலே அரையாடைக்கு மாறியவர் அவர். மூக்குக்கண்ணாடியைத் தவிர்த்தால், அவரிடம் அணி என்று சொல்லத்தக்கதாக இருந்தது இடுப்பிலே தொங்கிய மணிக்கூடு ஒன்றுதான். அதுவும் நேரந் தவறாமைக்காக.

இவ்வளவையும் சொல்லிவிட்டு "ஆகவே மரபு உடைக்குத் திரும்புவோம்" என்று முடித்துவிட்டால் பலர் மகிழ்ச்சியடைவார்கள். ஆனால் அது அரை உண்மையாகவே இருக்கும்.

மேலே சொன்ன சால்வையின் இலக்கணத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். யார் தோளிலே போடலாம், யார் யாருக்கு முன் இறக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது எது? பக்தியும் மரியாதையும் மட்டுமல்ல, சாதியுந்தான். 1968ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பிறயன் ஃபஃபென்பேகர், 1990இல் வெளியிட்ட கட்டுரையிலே, யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் மட்டும் அதிலே இல்லை. உடம்பின் மேற்பகுதியை மூடக் கூடாது, பவுண் தோடு அணியக் கூடாது, சப்பாத்துப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, ஆண்கள் தலைமயிரை வெட்டக் கூடாது, சைக்கிள் வைத்திருக்கக் கூடாது என்பனவும் அந்தப் பட்டியலிலே உண்டு. இன்று ஆண்களின் துணை அணிகள் என்று கடையிலே அடுக்கி வைத்திருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு மறுக்கப்பட்டிருந்த பொருளாகவே இருக்கும். கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. பதினொரு ஆண்டுகளின் பின்னரும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. வேட்டியையும் சால்வையையும் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும், பிறப்பைக் காட்டி வாசலில் மறிக்க முடியும் என்பதை அந்த வாசல் காட்டியது. உடை ஒழுங்கு தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவந்து விடாது.

அப்படியாயின் வேட்டியையும் சால்வையையும் கைவிட்டு விடுவதா? இதற்குப் பதிலாக டொமினிக் ஜீவாவை நினைத்துக்கொள்கிறேன். 1927இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலே சலூன் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, 1966இல் 'மல்லிகை'யை ஆரம்பித்துப் பல தசாப்தங்கள் நடத்தி, 2021இல் மறைந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளை நஷனல், கையிலே சஞ்சிகைப் பிரதிகள் கொண்ட பை என்பதே அவரை அறிந்தவர்கள் மனதிலே நிற்கும் கோலம். அந்த வெள்ளையை எவரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. எவருக்கும் முன்னால் பணிவதற்காக அவர் அதை உடுத்தவுமில்லை. மரபு உடை ஒருவனுடைய சொத்தாக இருக்கும் வரைக்கும் அது அடையாளம் அல்ல, வேலி. எல்லோரும் உடுத்தும்போதுதான் அது மரபாகிறது. ஆகவே சால்வையை வைத்துக்கொள்வோம். கடவுளுக்கு முன் இறக்குவோம். மனிதனுக்கு முன் விரும்பினால் இறக்கலாம். எவரையும் இறக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

போர்க்காலமும் எங்கள் ஆண்களின் அணியைப் பற்றி ஒரு பாடத்தைச் சொல்லித் தந்தது. அந்தக் காலத்திலே குடாநாட்டு ஆணின் உடம்பிலே கட்டாயம் இருக்க வேண்டியிருந்த பொருள் மோதிரமோ மணிக்கூடோ அல்ல. சேட்டுப் பையிலே வைத்த தேசிய அடையாள அட்டை. அது இல்லாமற் படலையைத் தாண்டியவன் திரும்பி வருவானா என்று வீட்டிலே உள்ளவர்கள் பதைத்திருப்பார்கள். மணிக்கூட்டின் கதை வேறு. 1996 மே மாதம் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பக் குறைத்தது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்கு மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலே இடைப்பட்ட பத்தாண்டும் பழைய நேரமே இருந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னர், முகமாலையைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாற்ற வேண்டும். ஓமந்தையைத் தாண்டினால் மீண்டும் மாற்ற வேண்டும். கையிலே கட்டியிருப்பது எந்த அரசின் நேரம் என்று கேட்கும் நிலையிலே மணிக்கூட்டின் விலையைப் பற்றி எவருக்கும் அக்கறை இருக்கவில்லை.

தங்கத்தின் கதை இன்னும் கசப்பானது. 1990 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்திலே வெளியேற்றினார்கள். அவர்களின் பணமும் நகைகளும் பறிக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இலட்சக்கணக்கானோர் கையில் அகப்பட்டதோடு நடந்தார்கள். நெல்லையும் வீட்டையும் தூக்கிச் செல்ல முடியாது. சீலைத் தலைப்பிலே முடிந்த நாலு பவுண் நகைதான் பல குடும்பங்களுக்குத் தென்மராட்சியிலும் வன்னியிலும் அரிசியாகவும் மருந்தாகவும் மாறியது. 2022 பொருளாதார நெருக்கடியிலும் அடகுக் கடைகளின் முன்னால் இதே காட்சியைக் கண்டோம். எங்கள் மக்களுக்குத் தங்கம் என்பது முதலிலே காப்புறுதி. அதன் பிறகுதான் அலங்காரம்.

இந்த நினைவு இருக்கும் மண்ணிலே, விடுமுறைக்கு வரும் சில உறவினர்களின் கழுத்துச் சங்கிலியையும் கைச்சங்கிலியையும் கண்டு பதினெட்டு வயதுப் பையன் ஏங்குகிறான். அடகிலே இருக்கும் தாயின் தாலிக்கொடியை மீட்பதற்கு முன் தனக்கொரு சங்கிலி கேட்கிறான். கிடைக்காவிட்டால் பித்தளைக்குப் பொன்முலாம் பூசியதையாவது போட்டுக்கொள்கிறான். அவனிலே நான் குற்றம் காணவில்லை. எதைப் போட்டால் ஊரிலே மதிப்புக் கிடைக்கும் என்பதை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். புலம்பெயர்ந்த நாடுகளிலே இரட்டை வேலை செய்து உழைத்த பணத்திலே ஒருவர் ஆசைப்பட்டு நகை அணிவதையும் நான் பழிக்க மாட்டேன். இடத்தை அறிந்து அணியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சட்டம் போட்டு இதைத் திருத்தலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2016 சனவரியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே டெனிம் காற்சட்டைக்கும் ரீசேட்டுக்கும் தடை, வெள்ளிக்கிழமைகளிலே மாணவிகளுக்குச் சேலை, விரிவுரைக்குத் தாடியோடு வரக் கூடாது என்றெல்லாம் ஓர் அறிவித்தல் வந்து கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2019 மே மாத இறுதியிலே அரசாங்க அலுவலகங்களுக்கு ஓர் உடைச் சுற்றறிக்கை வந்தது. அபாயா அணியும் முஸ்லிம் பெண்களே அதனால் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். மேலிருந்து வரும் உடைக் கட்டளைகள் பெரும்பாலும் ஒழுங்கை உண்டாக்குவதில்லை. எவரையாவது வெளியே நிறுத்துகின்றன. எங்கள் பட்டியலின் வரலாறு தெரிந்தவர்கள் இதிலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கட்டளை வேண்டாம் என்றால் அளவுகோல் எது? என் அனுபவத்திலே மூன்று கேள்விகள் போதும். முதலாவது, இது யாருடைய நாள்? கலியாணம் மாப்பிள்ளை பொம்பிளையின் நாள், செத்தவீடு இறந்தவரின் நாள், திருவிழா சுவாமியின் நாள். அவர்களிடமிருந்து கண்ணைப் பறிக்கும் எதுவும் வேண்டாம். இரண்டாவது, இந்தப் பொருளுக்கு இங்கே வேலை இருக்கிறதா? வெயிலுக்குக் குடை, நேரத்துக்கு மணிக்கூடு, நீதிமன்றத்துச் சட்டத்தரணிக்குக் கறுப்புக் கோட், எல்லாம் சரி. வடக்கின் பெரும் சமர் நடக்கும் நாளிலே பரியோவான் கல்லூரியினதும் மத்திய கல்லூரியினதும் பழைய மாணவர்கள் கல்லூரிக் கழுத்துப்பட்டியோடு வருவதும் சரி, ஏனென்றால் 1904 முதல் நடந்துவரும் அந்த ஆட்டத்துக்கு அதுவே உரிய அணி. அதே கழுத்துப்பட்டியைச் செத்தவீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் சரியல்ல. மூன்றாவது கேள்வியே முக்கியமானது. நான் இதை அணிந்து போவதால் அந்தச் சபையிலே இருக்கும் யாராவது தன்னைச் சிறியவனாக உணர்வானா? ஆம் என்று மனம் சொன்னால், அது எவ்வளவு விலை கூடியதானாலும் அலுமாரியிலேயே இருக்கட்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் ஆணுக்கு வாழ்நாளிலே தேவைப்படுவது அதிகமில்லை. தோய்த்து மடித்த இரண்டு சால்வைகள், கறுப்பிலும் மண்ணிறத்திலும் ஒவ்வோர் இடுப்புப்பட்டி, நேரம் காட்டும் மணிக்கூடு ஒன்று, கழற்ற இலகுவான காலணி, கறுப்பிலே ஒரு கழுத்துப்பட்டி, நல்ல குடை. விரும்பியவருக்கு ஒரு மோதிரம். புதிதாக உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் இவற்றை வாங்கிக் கொடுத்தால் போதும். மிச்சப் பணத்திலே அடகு நகையை மீட்கலாம்.

ஊருக்கு வரும் உறவுகளிடம் இறுதியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை நல்லூருக்கோ சந்நிதிக்கோ வரும்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சால்வையை இடுப்பிலே கட்டக் கற்றுக் கொடுங்கள். அப்படியே, இந்த ஊரிலே ஒரு காலத்திலே எல்லோரும் அதைத் தோளிலே போட அனுமதிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வெறும் துணித்துண்டாகவே இருக்கும்.